சுருட்டு ஊர்க்காரனின் முதல் சுருட்டு

அறுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில், என் பேராசிரியர் வீட்டில் நடந்தது இது. உலோகக் கம்பியைச் சூடாக்கி இழுத்து, எந்த இழுப்பில் அறுகிறது என்று குறித்துவைப்பதுதான் அப்போது என் ஆராய்ச்சி. உதவித்தொகை அடுத்த மாதம் முடிகிறது. பேராசிரியர் நீட்டிப்புக் கடிதம் கொடுத்தால் டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் பம்பாய்க்குக் கப்பல், அங்கிருந்து திருச்சிக்கு ரயில்.

இந்த நிலைமையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு நாள் ஊரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எங்கள் ஊர் சுருட்டுக்குப் பேர் போனது, நான் இலையை முகர்ந்தே தரம் சொல்லிவிடுவேன் என்று அவரிடம் அள்ளிவிட்டேன். முதல் பாதி நிஜம். இரண்டாவது பாதிக்கு என் வாய்தான் பொறுப்பு. பஸ்ஸில் பீடி வாசனை வந்தால் பாதி வழியில் இறங்கி நடக்கிறவர் என் அப்பா.

பலன், ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கும் சுருட்டுக்கும் அழைப்பு. என்னோடு அறையில் இருந்த மதுரைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சுருட்டுதானேடா? பத்த வை, ஊது, முடிஞ்சுது" என்றேன்.

"அவ்ளோ ஈஸின்னா இந்தக் குளிர்ல உனக்கு ஏண்டா வேர்க்குது?"

காப்பியும் பிளம்ஸ் கேக்கும் முடிந்ததும் பேராசிரியர் சுருட்டுகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். நிபுணர் நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்ந்து ஒன்றை எடுத்தேன். இருந்ததிலேயே அதுதான் குண்டு. வேறு காரணமில்லை.

நம் ஊர்ச் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். வாயில் வைத்துப் பற்றவைத்தால் போதும். இந்தச் சுருட்டில் வாயில் வைக்கிற நுனியை இலையால் மூடி ஒட்டியிருப்பார்கள், முதலில் அதைச் சீவ வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மூன்று தீக்குச்சி தீர்ந்தது. கன்னம் ஒட்டிப்போக இழுத்தேன். புகை வரவில்லை. பேராசிரியர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவியால் அப்படித் திரும்பிக்கொள்ள முடியவில்லை.

"திருச்சியில இப்படித்தான் பிடிப்பீங்களா?"

"ஆமாம்மா. முதல்ல இலையைக் கொஞ்சம் பழக்கணும்" என்றேன், என் ஓட்டை ஜெர்மனில்.

அந்த அம்மா எழுந்து வந்து, சின்னக் கத்தரி ஒன்றால் நுனியைச் சீவிப் பற்றவைத்துக் கொடுத்தார். நான் பழைய வேகத்திலேயே இழுத்தேன். மொத்தப் புகையும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. இருமினேன். உடம்பு ஜில்லென்று வேர்த்தது. சுவர்க்கடிகாரம் சுற்ற ஆரம்பித்தது, முள் அல்ல, கடிகாரமே. தோட்டத்து ரோஜாச் செடி வரைக்கும்தான் ஓட முடிந்தது. சாப்பிட்ட கேக் அங்கே வெளியே வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் அந்த அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை.

"நிஜத்தைச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி எத்தனை பிடிச்சிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல, சார்."

சுருட்டுப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார். "அப்போ நீங்க எழுதிக் குடுத்த கம்பிக் கணக்கெல்லாம்?"

அந்தக் கேள்வி சுருட்டைவிடக் காட்டமாக இருந்தது. டம்ளரோடு எழுந்து நின்றேன்.

"அதுல பொய் இல்ல, சார். ஏழு கம்பி மெஷின் பிடியிலிருந்து நழுவிடுச்சு. அந்த இடத்தை எல்லாம் காலியா விட்டிருக்கேன். மனசுக்குத் தோணினதைப் போட்டு நிரப்பியிருக்கலாம். செய்யல."

அவர் உள்ளே போய் என் அறிக்கை ஃபைலை எடுத்து வந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். காலி இடம் வரும்போதெல்லாம் விரலை வைத்து நிறுத்தினார். நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. ஏழாவது வந்ததும் ஃபைலை மூடினார்.

"ஓட்டையே இல்லாத அறிக்கையைப் பார்த்தாதான் எனக்குச் சந்தேகம். கடிதம் நாளைக்குத் தயாராயிடும். ஆனா இனிமே சுருட்டைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த அம்மா அதற்குள் என் சுருட்டை எடுத்து, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதை நெஞ்சுக்குள்ள விடவே கூடாது தம்பி. வாயிலயே வச்சு, ருசி பாத்து, வெளிய விட்டுடணும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும்" என்றவர், சுருட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆனா தேர்வு பிரமாதம். பெட்டியிலேயே இதுதான் நல்லது."

அதற்குப் பிறகு சுருட்டை நான் தொட்டதில்லை. அள்ளிவிடுவதையும் அடியோடு விட்டுவிட்டேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அந்த ஏழு காலி இடங்களுக்காக அவர் பக்கம் புரட்டிய நேரம் நினைவுக்கு வந்து, "எனக்குத் தெரியாதுங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். சொன்னதும் மனசு எவ்வளவு லேசாகிறது என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.