சிந்தாமணி செய்த கால்

வீரமணி செத்தபோது அவர் பெண்டாட்டி சிந்தாமணி அழவில்லை. ஊர் இன்னும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறது. கரும்புக் கொல்லையில் அவர் உள்ளங்காலில் வெட்டிய கரும்பின் அடிக்கட்டை குத்தி ஏறியதும், சர்க்கரை முற்றிய உடம்பாதலால் அது அவருக்கு உறைக்கவே இல்லை என்பதும், இரண்டு வருஷம் தினமும் காலையில் வெந்நீர் வைத்து ஆறாத அந்தப் புண்ணைக் கழுவித் துணி கட்டியது சிந்தாமணிதான் என்பதும் யாருக்கும் ஞாபகமில்லை. அழாதது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஊருக்கு வேறு வேலை என்ன?

நான் பக்கத்து வீட்டுக்காரன். காரியம் முடிந்த பிறகும் விடிந்ததும் அவள் வீட்டில் வெந்நீர் அடுப்பேறும். அது கொதித்து ஆறும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பிறகு வாசலில் கொட்டிவிடுவாள். சாப்பாடு இறங்கவில்லை. இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்துதான் திருமானூர் முதியோர் மையத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே வெள்ளிக்கிழமைகளில் பெரம்பலூரிலிருந்து பஸ் மாறி மாறி பூங்குழலி என்றொரு டீச்சர் வருவார். களிமண்ணைக் கொடுத்து, பிசைந்து எதையாவது செய்யுங்கள், மனசுக்கு நல்லது என்பார். கிழடுகளுக்கு மண் விளையாட்டா என்று எனக்கு எரிச்சல். நான் செய்த எருமையைப் பார்த்து எல்லோரும் பன்றி என்றதும் எரிச்சல் கூடியது. சிந்தாமணி ஒன்றும் செய்வதில்லை. கொடுத்த உருண்டையை மடியில் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஒருநாள் டீச்சர், "உங்களுக்கு எங்க வலிக்குதோ, அதைச் செய்யுங்க" என்றார். முழங்கால், முதுகு, கண் என்று ஆளுக்கொன்று செய்தோம். கண்காட்சி வைக்கலாம் என்று அவர் எல்லாவற்றையும் பலகையில் காயவைத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கம் நோய் தீர வேண்டிக்கொண்டால் அந்த உறுப்பை மண்ணில் செய்து அய்யனாருக்கு வைப்பது வழக்கம். நாங்கள் வேறெதற்குச் செய்தோம் என்று அந்தப் பிள்ளை நினைத்ததோ தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்குள் அவரவர் முழங்காலை அவரவர் கோயிலில் சேர்த்துவிட்டோம். பலகையைப் பார்த்து டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. கணுக்காலுக்குக் கீழே ஒரு பாதம், ஆம்பளைப் பாதம். உள்ளங்காலில் கட்டைவிரலால் அழுத்திய ஒரு குழி. சிந்தாமணி செய்தது.

"நடராசண்ணே, செத்தவருக்கு வேண்டுதல் உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அதான் எடுத்துட்டுப் போவல."

டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அம்மா, இது இப்படியே இருக்கட்டும். பாக்குறவங்க அழுதுடுவாங்க" என்றார்.

"இப்படியே எப்படிங்க விடுறது? புண்ணு தெறந்து கெடக்கே."

சொல்லிவிட்டு அதை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். எங்கள் ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அய்யனார் கோயிலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். அய்யனாரின் மண்குதிரைகளுக்குப் பக்கத்தில் பாதத்தை வைத்தாள். ஏரிக்கரையில் இறங்கி ஒரு பிடி ஈரமண் எடுத்து வந்து அந்தக் குழியை அடைத்தாள். விளிம்பை விரலால் மெதுவாக வழித்துவிட்டாள்.

பூசாரி எட்டிப் பார்த்தார். "காஞ்ச மண்ணுல ஈரமண்ணு நிக்காது ஆத்தா. நாளைக்கே விழுந்துடும்."

"விழுந்தா நாளைக்கு வந்து வெக்கிறேன்."

விழத்தான் செய்தது. அவளும் போகத்தான் செய்தாள். இப்போது விடிந்தால் அவள் வீட்டில் வெந்நீர் அடுப்பேறுவதில்லை. கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு கோயிலுக்குப் போகிறாள். இன்னும் அழவில்லை. "அம்மா தேறிட்டாங்களா?" என்று டீச்சர் கேட்டபோது அந்தக் கொட்டாங்குச்சியைப் பற்றிச் சொன்னேன்.

நேற்று அவள் திரும்பி வரும்போது, வீரமணி இருந்த காலத்தில் வேலி ஓரம் நின்று தினமும் கேட்பதைப் போலவே கேட்டுவிட்டேன்.

"புண்ணு எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதாண்ணே இருக்கு" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு, பழையது கரைத்துக் குடிக்க உள்ளே போனாள்.