வாடிவீட்டுப் பேய்க்கு ஒரு சாட்சி

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் பொய்ச்சாட்சி சொன்னேன். அதுவும் ஒரு பேய்க்காக!

இடம், பயணிகள் தங்கிப்போக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வாடிவீடு. பாரும் உண்டு. மலையகத்தில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் என்பதற்கு மேல் கேட்காதீர்கள். ஏன் என்று போகப் போகப் புரியும்.

பதுளைக்குப் போகும் வழியில் நல்ல மழை. ஒரு பிளேன்டீ குடிக்கலாம் என்று உள்ளே நுழைந்தேன். கொழும்பிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பாரில் நிற்கிறார்கள். நடுவில் வெயிட்டர் – மாரியப்பன் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வேலைக்கு வருபவர், எனக்குப் பழைய பழக்கம்.

"இந்த ஸ்டூல்தாங்க. குதிரையிலேருந்து விழுந்து செத்த தொரை இதுலதான் வந்து ஒக்காருவாரு. மொதல்ல சுருட்டு வாசம் வரும். போன மாசம் என் தோளையே தொட்டாருங்க..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் துரையைச் சாகடித்ததே நான்தான்!

தொண்ணூறுகளில் ஒரு வாரம், பேப்பரில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இதே பாரில் உட்கார்ந்து, ஒரு துரையைக் கற்பனையில் பிடித்து, குதிரையிலிருந்து தள்ளிவிட்டேன். சுருட்டும் என் உபயம்தான். உங்களில் சிலர் பயந்துபோய்க் கடிதம் எழுதினீர்கள்... மன்னிக்கவும்.

ஆனால் தோளைத் தொட்டது? அது நான் எழுதியதே இல்லை. சொல்லும்போது மாரியப்பனின் கை ரோமம் சிலிர்த்து நின்றது. நடிப்பா?

சும்மா இருந்தேனா? வான் போனதும் அவரைக் கூப்பிட்டேன்.

"மாரியப்பன், அது நான் எழுதின கதை. முழுப் பொய்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மெதுவா பேசுங்க சார்! புது மொதலாளி உள்ள இருக்காரு. பாரை இடிச்சிட்டு கல்யாண மண்டபம் கட்டணுமாம். இந்தத் தொரையைப் பாக்க ஆளுங்க வர்றதாலதான் யோசிக்கிறாரு. மண்டபம்னா என் வேலை போச்சு. மக இப்பதான் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறா..."

வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு அது ஒரு வாரப் பாடு. அவருக்குப் பத்து வருஷச் சோறு. கதைக்குச் சொந்தம் கொண்டாட வந்த மூஞ்சியைப் பாருங்கள்!

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். பதுளையில் கடை வைத்திருப்பவர்.

"நீங்கதானே பேப்பர்ல எழுதுறவரு? இந்தத் தொரை கதை நெசமா சார்? பொய்யின்னா சொல்லுங்க, நாளைக்கே இடிக்க ஆளைக் கூப்பிட்டுர்றேன்."

மாரியப்பன் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

"நெசம்தாங்க. நானே ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு கேட்டால்தானே? குதிரையின் நிறத்தைக்கூடச் சொன்னேன்.

முதலாளிக்கு மகா சந்தோஷம். "மாரியப்பா, பார் இருக்கட்டும். நீயும் இரு" என்று அங்கேயே சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், இன்னைக்கு நீங்க நம்ம விருந்தாளி. தொரை தங்கின ரூம்லயே படுத்துக்குங்க!"

அவ்வளவுதான். அவசர வேலை, மனைவிக்குக் காய்ச்சல் – வாயில் வந்ததையெல்லாம் சொல்லி, கொட்டுகிற மழையில் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

காய்ச்சலே இல்லாத மனைவி, கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்களே பெத்த பேய்க்கு நீங்களே பயந்து ஓடி வந்தீங்களா?"

பெற்றது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்... வளர்த்தது மாரியப்பன் ஆயிற்றே!