கமிட்டிக்குக் கை இல்லை

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை சுவாமி அறையில் திரி போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. பூசை முடியுமுன் நான் எடுப்பதில்லை. மூன்றாவது தடவையும் அடித்தபோதுதான் எடுத்தேன். கிளென் வேவர்லியிலிருந்து பீற்றர், ஜோனின் மகன்.

"அம்மா விடியற்காலையில் போய்விட்டார், ரஞ்சி. நித்திரையிலேயே."

வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை என்றும், நண்பர்கள் சார்பில் நான் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றும் அவர் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்று மட்டும். அரசியல் வேண்டாம். அவர் தோற்றுப்போன கதையை அங்கே கிளற வேண்டாம்."

"சரி" என்றேன். அந்தச் "சரி" பொய். போனை வைத்தவுடனேயே முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஜோனிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மெல்பேர்ணில் எங்கள் முல்கிரேவ் தமிழ் மூத்தோர் சங்கத்தில் ஜோனை எல்லோரும் "எம்பி அன்ரி" என்றுதான் அழைத்தோம். குடும்பப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. எம்பி என்றால் இங்கத்தைய, அவுஸ்திரேலிய எம்பி அல்ல. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இரண்டு தவணை இருந்தவர். இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆலை நகரத்தில் பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, பள்ளிக்கூடக் குசினியில் சமைத்து, அங்கிருந்து தொழிற்சங்கத்துக்கும் நகரசபைக்கும் போய், நாற்பத்தொரு வயதில் எம்பியானவர். அமைச்சராகவில்லை. ஆக்க நினைத்தவர்களும் இல்லை.

சனிக்கிழமைதோறும் ஊர் நூலகத்தின் மேல்மாடியில் இருந்து தொகுதிச் சனங்களின் குறை கேட்பாராம். அவர்களுக்காக எழுதும் கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன் அதை அவர்களுக்கே உரத்து வாசித்துக் காட்டுவார். "இது உங்கள் கதைதானா? அல்லது என் கதையாக மாற்றிவிட்டேனா?" என்று கேட்பார். அவர்கள் தலையாட்டினால்தான் கையெழுத்து. முல்கிரேவிலும் அவர் அப்படித்தான் செய்தார்.

இனி, பீற்றர் கிளற வேண்டாம் என்ற கதை.

இரண்டாம் தவணையில், அகதிகளை விரைவாகத் திருப்பி அனுப்புவதற்கு ஜோனின் சொந்தக் கட்சியே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பாராளுமன்றத்தில் கை உயர்த்தி வாக்களிப்பதில்லை. மணி அடிக்கும். எட்டு நிமிடத்தில் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் "ஓம்" என்பவர்கள் ஒரு கதவாலும் "இல்லை" என்பவர்கள் மற்றக் கதவாலும் நடந்துபோக வேண்டும். நடக்க நடக்க எண்ணுவார்கள். கட்சிக் கொறடா ஜோனின் முழங்கையைப் பிடித்து, "இந்தப் பக்கம், அன்பே" என்றாராம். "எனக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜோன் மற்றக் கதவால் போனார். அவரது கட்சியிலிருந்து அந்தப் பக்கம் போனவர்கள் மிகச் சிலர்.

சட்டம் நிறைவேறியது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. தனியாக நின்று நாலாவதாக வந்தார். யாரோ வீட்டுக் கதவில் சிவப்புப் பூச்சை ஊற்றினார்கள். அதை வாளியும் தும்புத்தடியுமாகக் கழுவியது பன்னிரண்டு வயதுப் பீற்றர். ஜோன் அடுத்த திங்கட்கிழமையே பழைய பள்ளிக்கூடக் குசினிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

கணவர் காலமான பிறகு மகனோடு இருக்க மெல்பேர்ண் வந்தார். ஆங்கிலம் பழக்க ஆள் வேண்டும் என்று நாங்கள் நூலகத்தில் ஒட்டிய துண்டைப் பார்த்து ஒரு புதன்கிழமை மண்டபத்துக்கு வந்து நின்றார். எங்கள் தலைவர் சபாநாயகம் அங்கிள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கட ஊரில எம்பி எண்டா முன்னுக்கு ரெண்டு வாகனம், பின்னுக்கு ரெண்டு வாகனம். உவ பஸ்ஸில வந்து இறங்கிறா. உண்மையான எம்பியோ, பிள்ளை?"

அவர் என்ன சொன்னார் என்று ஜோன் கேட்டார். நான் மறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"பஸ்ஸுக்கும் முன்னும் பின்னும் வாகனம் வந்ததே," என்றார் ஜோன்.

சபாநாயகம் அங்கிள் சிரித்து எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு ஆங்கிலம் நூலகப் புத்தகங்களால் வந்தது. என் உச்சரிப்பை ஜோன் ஒருநாளும் திருத்தவில்லை. பயத்தில் நான் வசனத்தைப் பாதியில் விட்டால்தான் கோபிப்பார். "முடி, ரஞ்சி. அவர்கள் காத்திருக்கட்டும்." அவர் அவுஸ்திரேலியப் பிரசையாகவில்லை, அதற்குள் வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "இந்த நாட்டில் எனக்கு வாக்கு இல்லை, சத்தம் மட்டும்தான்" என்று சிரிப்பார்.

அந்தச் சத்தத்தை நான் முழுதாகக் கேட்டது போன வருடம், தவமணி அக்காவின் விடயத்தில்.

தவமணி அக்கா ட்ருகனினாவில் ஓர் அறையில் இருக்கிறா. ஒரு பஸ், இரண்டு ரயில், இன்னொரு பஸ் பிடித்து முல்கிரேவ் வந்து, புதன்தோறும் எங்களுக்கு இடியப்பம் அவிப்பா. பல வருடம் காத்திருந்த அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. அமைச்சருக்கு எழுதுவது ஒன்றுதான் மிச்சம். அந்தச் செய்தி தெரிந்ததும் கமிட்டி கூடியது.

"அவவில எனக்கு ஒரு கோவமும் இல்லை," என்றார் சபாநாயகம் அங்கிள். "விசா இல்லாத ஆளை வைச்சிருக்கிறியள் எண்டு நகரசபை மண்டபத்தைப் பறிச்சா என்ன செய்யிறது? அலுவல் முடியுமட்டும் வராமல் நிண்டா நல்லது. சம்மதமெண்டா கையை உயர்த்துங்கோ."

ஆளை ஆள் பார்த்துக்கொண்டு எல்லோரும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். சங்கத்தின் பெயர்ப் புத்தகம் என் பொறுப்பு. அடிமட்டக் கோல் வைத்து, தவமணி அக்காவின் பெயருக்கு மேல் நேரான கோடு ஒன்று கீறினேன். கோடு வளையக்கூடாது என்பதில்தான் அப்போது என் கவனம் இருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் குறையவில்லை.

அன்று ஜோன் மருத்துவரிடம் போயிருந்தார். அடுத்த புதன் கையெழுத்து வைக்கப் புத்தகத்தைத் திறந்தவர் அந்தக் கோட்டில் விரலை வைத்தார்.

"இதைக் கீறியது யார்?"

"கமிட்டி தீர்மானம், ஜோன்."

"கமிட்டிக்குக் கை இல்லை, ரஞ்சி. இது யாருடைய கை?"

"என்ர," என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

திட்டவில்லை. ஒரு கரண்டியை எடுத்துச் சில்வர்த் தம்ளரில் தட்டினார். மண்டபம் அடங்கியது. அன்றுதான் கொறடாவின் கதையைச் சொன்னார். ஒவ்வொரு வசனமாக நான் மொழிபெயர்த்தேன். முடிவில் மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் காட்டினார். தவமணி வர வேண்டும் என்பவர்கள் குசினிக் கதவு. வேண்டாம் என்பவர்கள் கார் நிறுத்தும் பக்கம். எட்டு நிமிடம்.

"கை தானாக உயர்ந்துவிட்டது என்று பிறகு சொல்லலாம். கால் தானாக நடந்தது என்று சொல்ல முடியாது."

"இதென்ன, கிளித்தட்டு விளையாட்டோ?" என்றார் சபாநாயகம் அங்கிள்.

ஒருவரும் அசையவில்லை. மண்டபம் பறிபோனால் இந்த வயதுபோன சனம் எங்கே போகும் என்று எனக்கும் பயம்தான். முருகா என்று சொல்லிக்கொண்டு எழும்பினேன். மண்டபம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. குசினிக்குள் போய்த் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவர் வந்தார். பிறகு மூவர். எண்ணினேன். குசினிப் பக்கம் பதினாறு, மற்றப் பக்கம் ஏழு. சபாநாயகம் அங்கிள் மற்றப் பக்கத்தால்தான் போனார். ஆனாலும் அடுத்த புதன் தவமணி அக்காவிடம் இடியப்பம் இரண்டாம்தரம் வாங்கினார். மண்டபத்தை ஒருவரும் பறிக்கவில்லை. கீறிய கோட்டை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே அவவின் பெயரை மறுபடி எழுதினேன்.

இதைத்தான் வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் சொன்னேன். கொறடாவையும் சொன்னேன், நாலாவதாக வந்ததையும் சொன்னேன். "ஜோன் தோற்கவில்லை. எண்ணிக்கையில் குறைந்தார், அவ்வளவுதான்" என்று முடித்தேன். மூன்று நிமிடம் அல்ல, ஏழு. பீற்றர் தலை நிமிரவில்லை. வாசலில் என்னைக் கடக்கும்போது, "வாக்குக் கொடுத்தீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

"ஓம்," என்றேன்.

நேற்றுப் புதன்கிழமை. ஜோனிடம் இருந்த மண்டபத் திறப்புச் சாவியைத் திருப்பித் தரப் பீற்றர் வந்தார். திறப்போடு ஒரு கடித உறையும் இருந்தது. தவமணி அக்காவுக்காக அமைச்சருக்கு ஜோன் எழுதி முடித்த கடிதம். கையெழுத்து மட்டும் இல்லை.

"வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது போல," என்றார் பீற்றர். "அதனால்தான் விட்டுவைத்திருக்கிறார்."

தவமணி அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தா. பீற்றர் நின்றபடியே வாசித்தார். தாயின் குரலில் இருந்த அந்த வட இங்கிலாந்துச் சாயல் அவர் குரலிலும் இருப்பதை நேற்றுத்தான் கவனித்தேன். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் தவமணி அக்கா கையை உயர்த்தி மறித்தா.

"ரெண்டு பிள்ளையள் எண்டு எழுதியிருக்கோ? மூண்டு. ஒண்டு இப்ப இல்லை. எண்டாலும் மூண்டுதான்."

பீற்றர் அதைத் திருத்தி எழுதினார். பிறகு, "இது உங்கள் கதைதானா?" என்று கேட்டார். அவ தலையாட்டினா. அவர் பேனையை மூடவில்லை.

"எனக்கு இந்த நாட்டில் வாக்கு இருக்கிறது," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடியில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

தபால்பெட்டி தெருவுக்கு அந்தப் பக்கம். கார் நிறுத்தும் கதவால் போனால் கிட்ட. பீற்றர் குசினிக்குள்ளால் சுற்றிப் போனார்.

அமைச்சரிடமிருந்து பதில் வரலாம், "இல்லை" என்றும் வரலாம். அப்படி வந்தால் மறுபடி எழுதுவோம், வாசித்துக் காட்டி, கையெழுத்து வைத்து. காலமானவர்களின் பெயருக்கு மேல் கோடு கீறுவது எங்கள் சங்கத்தின் வழமை. உங்கள் பெயருக்கு மேல் நான் கீறப்போவதில்லை, ஜோன். கேட்கிறவர்கள் கமிட்டியிடம் கேட்கத் தேவையில்லை. என்னிடம் கேட்கட்டும்.

போயிட்டு வாங்கோ.