வெந்நீருக்கு ஒரு குழாய்

கொடைக்கானல் மலையில், வட்டக்கானலில் ஒரு விடுதியில் மேனேஜராக இருந்தேன். சரிவில் படிப்படியாக இறங்கும் எட்டு அறைகள். விறகு பாய்லர் மட்டும் உச்சியில், சமையலறைக்குப் பின்னால். காலையில் அறைக்கு இரண்டு வாளி வெந்நீர் சுமப்பது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

அந்த வருடம் திண்டுக்கல்லில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தேன். வேலையில் விரயத்தைக் குறைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வந்தது. அதை யாரும் விரயத்தில் சேர்க்கவில்லை. திரும்பியதும் செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டு அக்காவின் பின்னாலேயே படியிறங்கினேன்.

"என்ன தம்பி, ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்றார்.

பாய்லரிலிருந்து எட்டு அறைகளுக்கும் குழாய் போட்டேன். தண்ணீர் தானாகவே இறங்கியது. மலைக்குச் சம்பளம் கிடையாதே. இரண்டு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. தலைகால் புரியாமல் முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கையை நனைத்துப் பார்த்தார்.

"பிரமாதம்ங்க. அப்ப அடுத்த மாசத்துல இருந்து அந்தம்மா வேணாம்ல?"

அக்கா வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான். முதலாளியிடம் முகத்துக்கு நேரே பேச எனக்குத் துணிவில்லை. தினமும் விடிவதற்குள் போய், குழாயில் பச்சைத்தண்ணீரைக் கலந்துவிட்டேன். நான்கே நாளில் டூரிஸ்ட்டுகள் கத்தித் தீர்த்தார்கள். முதலாளி என்னைத் திட்டிவிட்டுக் குழாயை மூடச் சொன்னார். அக்கா மறுபடி வாளியைத் தூக்கினார். எனக்கு நிம்மதி.

ஒரு வாரம் கழித்து, அக்கா பாதிப் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளனே வந்து பச்சத்தண்ணிய தொறந்துவிட்டது நீங்கதான்னு தெரியும் தம்பி. நல்ல மனசுதான். ஆனா குழாயும் கெடக்கட்டும், அக்காவும் இருக்கட்டும்னு மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு எளிய வழி எனக்குத் தோன்றவே இல்லை. நேரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அக்கா சொன்னதையும் சொன்னேன்.

அவர் குழாயைத் திறக்கச் சொன்னார். அதுவரை நான் பார்த்துவந்த அறைகளையும் சாவிகளையும் இனி அக்காவே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். விடுதியில் விரயம் எதுவென்று நான் கற்றுவந்த பாடத்தை, அவர் என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார். அடுத்த மாதம் நான் வேறு வேலை தேடினேன்.