நான் பிடுங்கி எறிந்த பீங்கான் துண்டு

2005 வாக்கில் விருத்தாசலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். ரொம்பக் கண்டிப்பான டீச்சர் என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அரையாண்டுத் தேர்வின் முதல் நாள், எனக்குப் பழக்கமில்லாத ஆறாம் வகுப்புக்கு மேற்பார்வை போட்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி, வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்றைப் பேனாவில் மாட்டி எழுதிக்கொண்டிருந்தாள். பீங்கான் கம்பெனிகள் நிறைந்த ஊர். உடைசல் பொறுக்கி விளையாடாத பிள்ளையே கிடையாது. பரீட்சையிலுமா விளையாட்டு என்று எரிச்சல் வந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்; விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. மணி அடித்தபோது அவள் தாளில் அரைப் பக்கம்தான் இருந்தது. அதுவும் கோழி கிளறியது மாதிரி. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் அம்மா வந்தார். பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலை. மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கை விரல்கள் பலமிழந்துவிட்டன, மெல்லிய பேனா நழுவிவிடும் என்றார். அதனால் பேனாவுக்குத் தடித்த பிடியாக, ஈரக் களிமண்ணை அவள் கைக்குள் அழுத்தி, விரல் பதிந்த பள்ளங்களோடு கம்பெனிச் சூளையில் வைத்துச் சுட்டிருக்கிறார். சூட்டில் மண் சுருங்கி முதலில் செய்த மூன்றும் சிறுத்துப்போயின. பிறகு மகள் விரல்களில் துணி சுற்றிப் பெரிதாகப் பதியவைத்த நான்காவதுதான் பொருந்தியதாம்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்:

"ஒடஞ்ச துண்டு எங்கனா கெடக்குதுங்களா டீச்சர்? அளவு பாத்துதான் இன்னொன்னு செய்யணும். இன்னிக்கும் பரிட்ச இருக்குதுங்க."

ஜன்னலுக்கு அடியில் இருவரும் குனிந்து தேடினோம். கிடைத்த மூன்று துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றைய பரீட்சைக்கு என் கைக்குட்டையைப் பேனாவில் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். அந்தச் சிறுமி கணக்குத் தாள் முழுவதும் எழுதினாள். முதல் நாள் தமிழ்த் தாள் மட்டும் போனது போனதுதான்.

அன்று காலை அவள் அம்மா கிளம்பும்போதே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் வரவில்லை. கடைசியில் அந்த அம்மாதான், "ஒங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன், போயிட்டு வரேங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நல்ல டீச்சர் என்று யாராவது என்னைச் சொல்லும்போதெல்லாம், அந்தக் கும்பிடு கண்முன் வந்து நிற்கிறது; இன்றுவரை கூனிக் குறுகித்தான் போகிறேன்.