தொண்ணூறு நிமிடத்தின் விலையும் அடுத்த சுற்றின் விலையும்

உதைபந்தாட்டத்தில் எந்த நாடு வெல்லும் என்று அறிய வேண்டுமென்றால், தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறவர்களைக் கேட்கக் கூடாது. பந்தயக் கடை நடத்துகிற பந்தயக்காரன் எழுதிய விலையைப் பார்க்க வேண்டும். பேசுகிறவன் பிழைவிட்டாலும் மாத முடிவில் அவனுக்குச் சம்பளம் வரும். பந்தயக்காரன் பிழைவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அவன் கவனமாக இருப்பான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

முழுக்க என் தலையால் கண்டுபிடித்தேன் என்றால் அதுவும் பொய். நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாம் மாடியில் இருந்த காலத்தில், நான் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றப் போய்வந்தேன். அங்கே என்னோடு வேலை செய்த போர்த்துக்கல்காரர் ஒருவர்தான் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி மட்டையைக் கிழித்து எழுதிக் காட்டினார். விலை இரண்டு என்றால், ஒரு டொலர் வைத்து வென்றால் இரண்டு டொலர் கிடைக்கும்; நூற்றை இரண்டால் பிரி, ஐம்பது. விலை நான்கு என்றால் இருபத்தைந்து. நூறு தரம் விளையாடினால் அத்தனை தரம் வெல்வார்கள் என்று பந்தயச் சந்தை நினைக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு பக்கத்து எண்களையும் கூட்டினால் நூறு வரவில்லை, நூற்றாறு வந்தது. அந்த ஆறு பந்தயக் கடைக்காரனின் இலாபம், அதைக் கழித்துவிட்டுத்தான் உண்மை எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை நான் கண்டுபிடித்தேன். போர்த்துக்கல்காரர் என் முதுகில் தட்டி, நீ இங்கே பெட்டி தூக்க வேண்டியவன் இல்லை என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. பிறகு பன்னிரண்டு லொறிகளுக்கு முதலாளியானேன். பந்தயத்தில் மட்டும் ஐந்து டொலருக்கு மேல் வைத்ததில்லை. எனக்கு வேண்டியது காசு இல்லை, நான் பார்த்தது சரி என்பதுதான்.

என் மருமகன் பல்கலைக்கழகத்தில் எண்களையே படித்தவர். வங்கியில் பெரிய வேலை. விட்பியில் மூன்று மாடி வீடு. அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தோற்றவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற ஆட்டத்தில் ஒரே நாட்டுக்கு இரண்டு விலை எழுதுவார்கள். தொண்ணூறு நிமிடத்துக்குள் வெல்வதற்கு ஒரு விலை. மேலதிக நேரம், பெனால்ரி எல்லாம் முடிந்து எப்படியாவது அடுத்த சுற்றுக்குப் போவதற்கு வேறு விலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு காசை விடுகிறவர்கள் ஆயிரம் பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இதை அரை மணித்தியாலம் விளக்கினேன். "மாமா, நீங்கள் வகுப்பே எடுக்கலாம்" என்றார் மருமகன். மனைவி புட்டுக்குக் குழம்பு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வெளியே நடக்க முடியாததால், எங்கள் பகுதியில் வயது போன பெண்கள் காலையில் மோல் என்கிற கடைத்தொகுதி திறந்ததும் உள்ளே போய், கடைகள் திறக்குமுன் சுற்றிச்சுற்றி நடப்பார்கள். ஏழு பேர். அவர்களில் என் மனைவிதான் வேகம். மற்றவர்கள் மூன்று சுற்று முடிக்க இவள் ஐந்து முடிப்பாள். போன வருடத்தில் ஒரு நாள் அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டாள். இரண்டு காலிலும் நெருப்பு ஓடுகிறது என்றாள். முள்ளந்தண்டுக்குள் நரம்பு போகும் வழி ஒடுங்கிவிட்டது என்று படம் எடுத்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அவள் மோலுக்குப் போவதை விடவில்லை. அங்கே உள்ள நீள வாங்கில் இருந்துகொண்டு மற்ற ஆறு பேருடைய குளிர் உடுப்புகளையும் மடியில் வைத்துக் காவல் இருப்பாள். அவளை ஏற்றிவரப் போகிற நான், அந்த உடுப்புக் குவியலுக்கு மேலால் அவள் முகம் மட்டும் தெரிவதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன்.

சத்திர சிகிச்சை நிபுணர் நல்ல மனிதர். "பத்துப் பேருக்குச் செய்தால் ஏழு பேருக்கு நல்ல பலன்" என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போகும், பிறகு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது என்றும் சொன்னார். மகள் அதைத் தமிழில் தாய்க்குச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்க முன்பே நான் மனதில் கணக்குப் போட்டுவிட்டேன்: எழுபது. எழுபது நல்ல எண்.

மனைவிக்குப் பயம். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை தேநீர் தரும்போது சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, ஞாயிற்றுக்கிழமை கோயிலில பூக்கட்டிப் பாப்பம்."

சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாகக் கடதாசியில் மடித்துச் சாமிக்கு முன்னால் வைத்து, கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விடலாம். எங்கள் கல்யாணமே அப்படி ஒரு வெள்ளைப் பூவால் நடந்ததுதான்.

"உது ஐம்பதுக்கு ஐம்பது" என்றேன். "டொக்டர் எழுபது எண்டு சொல்லுறார். நீர் ஏன் எழுபதை ஐம்பதாக்கப் பாக்கிறீர்?"

"சாமிக்கு உங்கட கணக்குத் தெரியாது."

"எழுபது எண்டா என்னெண்டு நான் உமக்குக் காட்டுறன். சனிக்கிழமை மச் இருக்கு."

இப்படித்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் கெட்டித்தனமாகத் தெரிந்தது. உலகக் கிண்ணத்தில் ஒரு பெரிய நாடும் ஒரு சின்ன நாடும் மோதின. பெயர் சொன்னால் இரண்டு நாட்டுக்காரரும் என் அயலில் இருக்கிறார்கள், வேண்டாம். பெரிய நாடு அடுத்த சுற்றுக்குப் போவதற்கு விலை ஒன்று தசம் மூன்று ஐந்து. சின்ன நாட்டுக்கு மூன்று தசம் ஒன்று. கடைக்காரனின் இலாபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரிய நாட்டுக்கு அச்சொட்டாக எழுபது. டொக்டருடைய எண்ணேதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பெரிய நாடு வெண்டா நீர் ஓம் எண்டு சொல்ல வேணும். சரியோ?"

அவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டாள். "சரி" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததிலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் மகளும் மருமகனும் வந்தார்கள். மனைவிக்கு முதுகில் தலையணை வைத்து நடுச் சோபாவில் இருத்தினேன். ஆட்டம் தொடங்கிப் பதினைந்தாம் நிமிடத்தில் பெரிய நாடு கோல் போட்டது. நான் எழும்பி நின்று கை தட்டினேன். இரண்டாம் பாதியில், யாரும் எதிர்பாராத ஒரு நேரத்தில், சின்ன நாட்டு நெட்டையன் ஒருவன் தலையால் முட்டிச் சமன் ஆக்கினான். தொண்ணூறு நிமிடமும் முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று.

"முடிஞ்சுதே?" என்றாள் மனைவி.

"இல்லை, இனித்தான் மேலதிக நேரம்."

"அப்ப தொண்ணூறு நிமிசத்தில உங்கட ஆக்கள் வெல்லேல்லை."

"அது வேற விலை. நான் சொன்னது அடுத்த சுற்றுக்குப் போறதுக்கு."

"தொண்ணூறு நிமிசத்துக்கு என்ன விலை போட்டவங்கள்?"

நான் ரீவியின் சத்தத்தைக் கூட்டினேன். மருமகன் தொலைபேசியைப் பார்த்து, "ஐம்பத்தொரு வீதம் அளவில வருது மாமி" என்றார். அவரை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

"ஐம்பத்தொண்டை ஒளிச்சுப்போட்டு எழுபதைக் காட்டினவர்" என்றாள் மனைவி மகளிடம். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அந்தப் பதினொரு பேரும் என் மனைவிக்காக ஓட வேண்டும் என்பது போல ரீவிக்குக் கிட்டப் போய் நின்றேன். மேலதிக நேரத்தின் கடைசியில் பெரிய நாட்டின் தலைவன், முழு ஆட்டமும் ஓடியவன், தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு பேர் தூக்கி வெளியே இருத்தினார்கள். பிறகு பெனால்ரி. ஐந்தாவது அடியில் பெரிய நாடு தப்பியது. அடுத்த சுற்று.

நான் துள்ளினேன். அறுபத்தொன்பது வயதில் நான் துள்ளியதைப் பார்த்து மகள், "அப்பா, மெதுவா, மெதுவா" என்று கத்தினாள். "பாத்தீரே! எழுபது எண்டா இதுதான். சந்தை பொய் சொல்லாது. இனி ஓம் எண்டு சொல்லும்."

மனைவி தொலைக்காட்சியைக் காட்டினாள். விளையாட்டுக்காரர் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாட, தலைவன் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி வந்துகொண்டிருந்தான். ஒருவனுடைய தோளைப் பிடித்திருந்தான்.

"வெண்டிட்டான். ஆனா அவனால நடக்க ஏலாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டொக்டர் சொன்ன ஏழு பேர் எந்த ஏழு பேர்? ஒப்பரேசன் மேசையால உயிரோட எழும்புற ஏழு பேரோ, நோவு குறையிற ஏழு பேரோ, நடக்கிற ஏழு பேரோ?"

வங்கியில் எண் பார்க்கிறவருக்கும், ஆங்கிலத்திலேயே வளர்ந்த மகளுக்கும், சந்தையைக் கரைத்துக் குடித்த எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. இரண்டு விலையையும் நான் போட்டுக் குழப்பியிருந்தேன். ஆயிரம் பேர் செய்கிற அதே பிழை.

"நான் சரி எண்டு சொன்னபடி செய்வன்" என்றாள் மனைவி. "ஆனா முதல்ல அதைக் கேளுங்கோ."

திங்கட்கிழமை காலை நிபுணரோடு பேச நேரம் கிடைத்தது. ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் தொலைபேசியை வைத்தோம். மகள்தான் கேட்டாள். மனைவி ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். சிகிச்சை மேசையிலிருந்து உயிரோடு எழும்புவதில் அவருக்குப் பெரிய கவலை இல்லை. காலில் உள்ள நெருப்பு குறைவதுதான் அந்தப் பத்தில் ஏழு. பழையபடி நீண்ட தூரம் வேகமாக நடப்பதா? அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இதை முன்பே தெளிவாகக் கேட்டவர்கள் குறைவு என்றும் சொன்னார்.

தொலைபேசியை வைத்ததும் என் காதில் நின்றது ஒரே ஒரு சொல்தான். பாதி. நான் பன்னிரண்டு லொறிகளைப் பனிக்குள் அனுப்பியவன். ஒரு நாளும் ஒன்றையும் திரும்பி வா என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"வேண்டாம்" என்றேன். "விடும். நான் உம்மைக் காரில எங்கயும் கொண்டுபோறன். மோலுக்குள்ள சக்கர நாற்காலி இருக்கு, தள்ளிக்கொண்டு போறன். ஐந்து சுற்று எண்டாலும் தள்ளுவன்."

"இவ்வளவு நாளும் செய், செய் எண்டு நிண்டவர்!"

"அப்ப எனக்கு எழுபது எண்டு நினைப்பு."

"எனக்கு முதலே தெரியும், முழுக்கச் சரிவராதெண்டு. என்ன சரிவரும், என்ன சரிவராது எண்டு தெரியாமல்தான் பயமாக் கிடந்தது. இப்ப தெரியுது. நெருப்புக் குறைஞ்சால் எனக்குக் காணும்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்களும் பயந்தால் நான் ஆருக்கு முன்னால பயப்பிடுறது?"

மகள் எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். நாற்பது வருடத்தில் இவள் பயந்ததை நான் பார்த்ததில்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் பயந்ததெல்லாம் எனக்கு முன்னால்தான். நான்தான் என் பாட்டில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளே மகளிடம் சொல்லி ஓம் என்று அறிவித்தாள். மூன்று வாரத்தில் சிகிச்சை நடந்தது. அந்த மூன்று வாரத்தில் உலகக் கிண்ணம் முடிந்துவிட்டது. கடைசி ஆட்டத்தின் விலை என்ன என்று மருமகன் கேட்டபோது பார்க்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. உண்மையாகவே பார்க்கவில்லை.

சிகிச்சைக்கு அடுத்த நாள் காலையில், தாதி ஒரு வோக்கரைக் கொண்டுவந்து அவளை எழுப்பி நிறுத்தினார். ஆஸ்பத்திரி உடுப்பில் என் மனைவி மிகவும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். வலது பாதம் இன்னும் விறைப்பு என்றாள். நெருப்பு இருக்கிறதா என்று கேட்டேன். கட்டிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இரண்டு காலையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "இல்லைப்பா. போயிட்டுது."

பிறகு ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. நான் பக்கத்தில் பின்னோக்கி நடந்தபடி, "மூண்டு... நாலு... அஞ்சு..." என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். கதவடிக்கு வந்ததும் அவள் நின்றாள். மூச்சு வாங்கினாள்.

"எண்ணாதேங்கோ" என்றாள். "சும்மா என்னோட வாங்கோ."

நான் வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் திரும்பி நின்றேன். இருவரும் நடைவழிக்குள் இறங்கினோம்.