கன்டினியூ பண்ணட்டும்

என்னைப் பெண் பார்க்கப் புவனகிரியிலிருந்து வந்தவர்கள் முதலில் கை நனைக்கவில்லை. சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் காபி குடிக்கலாம், சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் சாம்பாரும் வடையும் ஆறிக்கொண்டிருந்தன. கூடத்தில் அப்பா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு படிச்சிக்கிட்டு இருக்குதுங்க. இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்குது."

அது 2007. அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. வேதியியலில் முதல் வருடத்தை முடிக்கும் நேரம். படித்து முடித்து ஒரு காலேஜில் பாடம் நடத்தவேண்டும். அதைத் தவிர வேறெதையும் நான் யோசித்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "அதுக்கென்னங்க, கன்டினியூ பண்ணட்டும். கடலூர விட எங்க ஊருதான் காலேஜுக்குக் கிட்ட. காலைல பஸ் ஏறினா சாயந்தரம் ஊட்டுக்கு வந்துடலாம்."

அவ்வளவுதான். அப்பா அம்மாவைப் பார்த்து, "எலையப் போடு" என்றார். அவர் லேத் பட்டறைக்காரர். ஒரு போல்ட்டைக்கூட உருட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். படிக்க வைக்கிறோம் என்று தமிழில் சொல்லியிருந்தால் எப்போது, எப்படி என்று நாலு கேள்வி கேட்டிருப்பார். இங்கிலீஷில் சொன்னதும் எழுதிக் கொடுத்த மாதிரி நம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது எத்தனையோ வீடுகளில் நடக்கிற கூத்து. பெண் வீட்டார் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் அந்த வார்த்தையைச் சொல்வார்கள், எல்லோரும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள்.

வைகாசியில் கல்யாணம். ஆடி கழியட்டும் என்றார்கள். ஆடி கழிந்ததும் தலை தீபாவளி வரட்டும் என்றார்கள். தீபாவளிக்குள் நான் முழுகாமல் இருந்தேன். வாயும் வயிறுமாக இருக்கிறவள் பஸ்ஸில் அலையலாமா என்றார்கள். படிக்காதே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் கணவரிடம் கேட்டால், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "கன்டினியூ பண்ணலாம், இப்ப என்ன அவசரம்?" என்பார். அவர் வாயில் அந்த வார்த்தை வரும்போதே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மசக்கை என்று எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள்.

சிதம்பரத்தில் என்னைப் பார்த்த டாக்டரம்மா, "அயர்ன் மாத்திரைய கன்டினியூ பண்ணும்மா" என்றார். அந்த வீட்டில் நான் கன்டினியூ பண்ணியது அது ஒன்றுதான். மாமியார் பார்க்கும் சீரியலில் தொடரும் என்று போட்டால் மறுநாள் சொன்ன நேரத்துக்குத் தொடர்ந்தது. அந்த நாணயம்கூட இந்த மனிதர்களிடம் இல்லை.

பிள்ளை பிறந்து சில மாதம் கழித்து ஒருநாள் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கப் பிடிதுணியை எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறி, கரி படிந்து, ஊசிப்போன வாடை அடித்தது. ஓரத்தில் நீல நூலில் என் பெயரின் முதல் எழுத்து. நானே தைத்தது. லேபில் நான் போட்டுக்கொண்டிருந்த வெள்ளை கோட்டை மாமியார் நாலாகக் கிழித்து வைத்திருந்தார்.

"சும்மாதான கெடந்துச்சு" என்றார்.

அந்தத் துணியை வைத்துத்தான் சட்டியை இறக்கினேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

2011இல் என் நாத்தனாருக்கு வரன் வந்தது. அவள் அப்போது சிதம்பரத்தில் நர்ஸிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள், நல்ல மாதிரியாகத் தெரிந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காபியை உறிஞ்சிக்கொண்டே, "வர்ற தையில வச்சிக்கலாம். படிப்ப கல்யாணத்துக்கு அப்புறம் கன்டினியூ பண்ணட்டும்" என்றார்.

நான் இடுப்பில் பிள்ளையோடு காலி டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றேன்.

"அதெல்லாம் வேணாங்க" என்றார் என் மாமியார். குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. "கல்யாணம் ஆயிட்டா எங்க படிக்கிறது? ஊட்டு வேல, புள்ளகுட்டின்னு அப்படியே போயிடும். எம் பொண்ணு பரீட்ச எழுதி முடிக்கட்டும். அப்புறம் தேதி குறிப்போம். அதுவரைக்கும் பொறுத்துக்கிறதா இருந்தா பேசலாம்."

"அம்மா சொல்றது கரெக்ட்டு" என்றார் என் கணவர்.

ஆக, தெரிந்திருக்கிறது. அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைச் சொன்ன அன்றைக்கே இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பியதும், "ஏன் அத்த, எனக்கு மட்டும் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மாமியார் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"நான் எம் பொண்ணுக்குக் கேட்டேன். ஒங்கப்பாவும் பரீட்ச முடியட்டும்னு சொல்லியிருக்கலாமே, யாரு வேணாம்னா?"

அதற்கப்புறம் கடலூருக்கு எத்தனையோ தடவை போய் வந்துவிட்டேன். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவரிடம் இதை இன்றுவரை என்னால் கேட்க முடியவில்லை.